வாசிக்க மறுப்பது வட்டா, கருவியா?

(நெடும்பதிவு. வீட்டிலோ துறையிலோ பழைய குறுந்தகடுகளை வைத்திருப்போர் பொறுமையுடன் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.)

‘சிடி படிக்க மாட்டேங்குது.’ தமிழர் இல்லங்களிலும் கணினிக் கடைகளிலும் ஒரு தலைமுறைக் காலம் ஒலித்த தொடர் இது. இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் இதில் ஒரு மயக்கம் உண்டு. ‘சிடி’ என்பது இங்கே எழுவாயா, உருபு மறைந்து நிற்கும் செயப்படுபொருளா? எழுவாய் எனில் படிக்க மறுப்பது வட்டு. இரண்டாம் வேற்றுமைத் தொகை எனில் மறுப்பது வேறொன்று. அது தொடரில் தோன்றா எழுவாயாக மறைந்திருக்கிறது. பேசுவோர் இம்மயக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பழியை ஏற்பதும் குப்பைக்கூடைக்குச் செல்வதும் பெரும்பாலும் வட்டே.

மொழியியல் துறையில் இருப்போர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1990களின் இறுதி தொடங்கி ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் இந்தியாவின் களப்பதிவுகள் பலவும் எழுதத்தக்க குறுந்தகடுகளில்தான் சேமிக்கப்பட்டன. ஒலிநாடாவில் பதிந்த பேச்சு, கணினிக்கு மாற்றப்பட்டுத் தகட்டில் எழுதப்பட்டது. ஆய்வேடுகளின் பின்னட்டையில் ஒரு காகித உறை ஒட்டி, அதனுள் குறுந்தகடு செருகப்பட்டது. இன்று அவ்வலமாரிகள் ஒழிக்கப்படும் காலம். தகடு ஒன்றை எடுத்துக் கணினியிலிட்டுப் பார்க்கிறார்கள், திறக்கவில்லை, ‘பழுது’ என்று எழுதி ஒதுக்குகிறார்கள். அந்த ஒற்றைச் சொல் எத்தனை முறை உண்மை, எத்தனை முறை அவசரத் தீர்ப்பு என்பதை அறிய இக்கருவியின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்பது பயன் தரும். ஏனெனில் வட்டியக்கியின் ஒவ்வொரு பழுதும் அதன் வரலாற்றில் எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவு.

ஒளியால் ஆன ஊசி

ஒளியைக்கொண்டு வட்டை வாசிக்கும் கருவி 1978ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ் நிறுவனமும் எம்.சி.ஏ. நிறுவனமும் இணைந்து வெளியிட்ட அது திரைப்படம் காண்பதற்கானது. அதன் வட்டு இசைத்தட்டைப்போல் பெரியது. பின்னர் பிலிப்ஸும் ஜப்பானின் சோனியும் கூடி, இசைக்கெனச் சிறிய வட்டு ஒன்றை வடிவமைத்தன. ‘ரெட் புக்’ என வழங்கும் அதன் வரையறை 1980இல் உருவாயிற்று. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சி.டி.பி.-101 என்னும் கருவி ஜப்பானில் 1,68,000 யென் விலைக்கு வெளிவந்தது.

12 செண்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உடைய அவ்வட்டில் ஒரே ஒரு தடம் உண்டு. அது நடுத்துளையின் அருகே தொடங்கி, வெளிவிளிம்பை நோக்கிச் சுருள்சுருளாக விரிகிறது. நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் செல்லும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரு தலைமயிரின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பது சுற்றுகள் அடங்கும். தடத்தில் நுண்ணிய குழிகளும் அவற்றிடையே சமதளங்களும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. 780 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்பு லேசர் அவற்றின்மீது விழுந்து மீள்கையில் ஏற்படும் ஒளிமாற்றமே தரவாகிறது.

இசைத்தட்டின் ஊசிக்குப் பள்ளம் வழிகாட்டும். இங்கோ ஊசியே இல்லை. ஒளிக்கு வழிகாட்டும் சுவரும் இல்லை. சுழலும் வட்டு மேலும் கீழுமாக அரை மில்லிமீட்டர் அளவுகூட ஆடலாம். ஆனால் குவியம் ஏறத்தாழ ஒரு மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். ஆகவே லென்ஸை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, காந்தச்சுருள்களால் நொடிக்குப் பலநூறு முறை அசைத்து, வட்டின் ஆட்டத்தோடு அதையும் ஆடச்செய்தனர். மீளும் ஒளியைப் பல கூறாகப் பகுத்துணரும் ஒளியுணரி, ‘மேலே போ, கீழே வா, இடப்பக்கம் நகர்’ என இடைவிடாது ஆணையிடுகிறது. ஆக, வட்டியக்கி என்பது எந்நேரமும் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும் கருவி. திருத்தும் ஆற்றல் குன்றும் நாளில் அது ‘படிக்காது’.

இதிலிருந்து முதற் சோதனை பிறக்கிறது: காதால் கேட்பது. வட்டை உள்ளிட்டதும் வட்டியக்கி ஓர் ஒழுங்கில் விழித்தெழுகிறது. லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியம் தேடும். குவியம் கிட்டியதும் சுழற்சி வேகம் பெறும். பின்னர் தடம் பற்றப்படும். இறுதியாக, நடுத்துளையை ஒட்டிய உள்வளையத்திலுள்ள பொருளடக்கம் வாசிக்கப்படும். இவ்வரிசை கருவிக்குக் கருவி சிறிது மாறினும் அடிப்படை ஒன்றே. சிறு ‘டிக், டிக்’ ஒலிக்குப் பின் வட்டு சுழலாமலே நின்றால் குவியம் கிட்டவில்லை: லேசரோ லென்ஸோ சோர்ந்திருக்கலாம், அல்லது வட்டின் எதிரொளிப்பு குறைந்திருக்கலாம். வேகம் ஏறி ஏறி இறங்கினால் தடம் சிக்கவில்லை, அல்லது பொருளடக்கம் கிட்டவில்லை. கோப்புகளின் பட்டியல் தோன்றி, சில கோப்புகள் மட்டும் திறக்க மறுத்தால் கருவி பெரும்பாலும் நலமாக உள்ளது. அப்போது ஐயம் வட்டின்மேல் திரும்புவது முறை.

மன்னிக்கும் கணிதம்

வட்டில் கீறல் கண்டதும் ‘இதனால்தான்’ என முடிவு கட்டுவது நம் இயல்பு. ஆனால் குறுந்தகடு, கீறலை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்னும் கணிதவியலர் இருவர் பிழைதிருத்தக் குறிமுறை ஒன்றை வெளியிட்டனர். அன்று அது தூய கணிதம்போல் தோன்றியது. இருபது ஆண்டுகள் கழித்துக் குறுந்தகட்டின் உயிர்நாடி ஆயிற்று. தொடர்ச்சியான தரவைச் சிதறடித்துப் பல இடங்களில் பிரித்தெழுதி, கூடுதற் குறிகளையும் சேர்த்து வைத்தால், ஓரிடத்தில் நேர்ந்த சேதத்தைப் பிற இடங்களின் உதவியால் சரிசெய்துகொள்ளலாம். தடத்தின் நெடுகே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் முற்றிலும் அழிந்தாலும், இழந்த தரவு முழுவதையும் மீட்க இக்குறிமுறைக்கு இயலும்.

தகட்டைத் துடைக்கும் முறையும் இக்கணிதத்திலிருந்தே வருகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைத்தால், துணி கீறினாலும் அக்கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு நொடியில் குறுக்காக வெட்டிச் செல்லும். கணிதம் அதை எளிதில் பொறுக்கும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு கூடவே நெடுந்தொலைவு செல்லும். பொறுமைக்கு எல்லை வந்துவிடும்.

அடுத்த நுட்பம் ஒளியியலைச் சேர்ந்தது. லேசர் வட்டின் அடிப்பரப்பில் நுழையும்போது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. தரவுப்படலத்தை அடையும்போதுதான் ஒன்றரை மைக்ரான் அளவுக்குக் குவிகிறது. ஆகவே அடிப்பரப்பிலுள்ள தூசி குவியத்துக்கு வெளியே நிற்கிறது. அது மங்கலான நிழல் மட்டுமே. ஆனால் இதே தூசி வட்டியக்கியின் லென்ஸில் படிந்தால் மன்னிப்பு இல்லை. ஒவ்வொரு வட்டின் ஒவ்வொரு வாசிப்பிலும் அது ஒளியைத் திருடும். மேலும், குறுந்தகட்டில் தரவுப்படலம் இருப்பது நாம் அஞ்சிக் காக்கும் பளபளப்பான அடிப்பக்கத்தின் அருகில் அன்று. பெயர் எழுதும் மேற்பக்கத்தின் மெல்லிய பூச்சுக்குச் சற்றே கீழே. கூரிய பேனா முனையும், பிய்த்தெடுத்த ஒட்டுத்தாளும் செய்யும் சேதத்தை எந்தக் கணிதத்தாலும் ஈடுசெய்ய இயலாது. டி.வி.டி.யில் தரவுப்படலம் இரு தகடுகளுக்கு இடையே நடுவில் இருப்பதால் இவ்வாபத்து குறைவு.

கணினிக்குள் வந்த கதை

இசைக்கெனப் பிறந்த வட்டைக் கணினிக்கு உரியதாக்கும் ‘யெல்லோ புக்’ வரையறை 1983இல் வந்தது. பாடலில் ஓர் ஒலித்துணுக்கு இழந்தால் அண்டையிலுள்ளவற்றைக்கொண்டு ஊகித்து நிரப்பலாம், செவி அறியாது. கணினிக் கோப்பில் ஓர் எழுத்தை ஊகிக்க இயலாது. ஆகவே 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட்டை மட்டும் தரவுக்கு விட்டு, எஞ்சியதில் பெரும்பங்கைக் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கினர். ‘பாட்டு சிடி ஓடுகிறது, டேட்டா சிடி ஓடவில்லை’ என்னும் முறையீட்டின் விளக்கம் இங்கே இருக்கிறது. சோர்ந்த கருவி பாடலை ஊகத்தால் ஒப்பேற்றிவிடும். கோப்பில் அது செல்லாது. பாடல் ஓடுவது கருவியின் நலத்துக்குச் சான்றாகாது.

கணினிக்குள் வந்ததும் குற்றவாளிகளின் பட்டியல் நீண்டது. டாஸ் காலத்தில் வட்டியக்கி தெரிய வேண்டுமெனில் அதற்குரிய டிரைவர் மென்பொருளும், எம்.எஸ்.சி.டி.எக்ஸ். என்னும் நிரலும் தொடக்கக் கோப்புகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு வரி பிழைத்தால் கருவியே மறையும். பின்னர் வந்த ஐ.டி.இ. இணைப்பில் ஒரே பட்டைக் கம்பியில் இரு கருவிகள். எது தலைமை, எது துணை என்பதைச் சிறு ஜம்பர் துண்டு முடிவு செய்தது. இரண்டும் ‘தலைமை’ என நின்றால் இரண்டும் ஒடுங்கின.

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் குழப்பம் நுட்பமாயிற்று. வாசிப்பில் ஆறு முறை பிழை நேர்ந்தால் இயங்குதளம் அவ்விணைப்பை விரைவான டி.எம்.ஏ. முறையிலிருந்து மந்தமான பி.ஐ.ஓ. முறைக்குத் தாழ்த்திவிடும். அழுக்கான வட்டு ஒன்று செய்த குற்றத்துக்குப் பின்வரும் நல்ல வட்டுகள் எல்லாம் தண்டனை பெறும். தகடு எழுதும் மென்பொருள்கள் பதிவகத்தில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’ என்னும் பெயர்களில் தம் இடைநிரல்களைச் செருகின. அம்மென்பொருளை நீக்கும்போது குறிப்பு மட்டும் எஞ்சி நிரல் மறைந்தால், டிவைஸ் மேனேஜரில் வட்டியக்கிக்கு அருகே மஞ்சள் முக்கோணம் தோன்றும்; கணினியின் வட்டுப் பட்டியலிலிருந்து அது காணாமற்போகும். எத்தனையோ நல்ல கருவிகள் இக்காரணத்தால் மாற்றப்பட்டன. தட்டு திறந்து மூடுகிறது, ஆனால் கருவியின் பெயரே திரையில் இல்லை எனில் அது லேசரின் நோயன்று. மென்பொருளோ இணைப்போ செய்த குழப்பம்.

இன்று மடிக்கணினிகளில் வட்டியக்கியே இல்லை. 2008இல் வந்த மேக்புக் ஏர் அதைக் கைவிட்டது, பிறர் பின்தொடர்ந்தனர். ஆகவே வெளியே இணைக்கும் யு.எஸ்.பி. கருவியையே நாடுகிறோம். இங்கே புதியதொரு பழுது: மின்பசி. பழைய யு.எஸ்.பி. துளை தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லியாம்பியர். வட்டு வேகமெடுக்கும் கணத்தில் கருவி அதற்கும் மேல் கேட்கக்கூடும். நீண்ட கம்பி, பலதுளை இணைப்பான் ஆகியவற்றின் வழியே இணைத்தால் வட்டு சுழலத் தொடங்கி, சோர்ந்து, மீண்டும் தொடங்கும். கணினியின் வேறொரு துளையில் நேரடியாகச் செருகியதும் அதே வட்டு திறந்துகொள்வதுண்டு.

சாயத்தின் காலம்

இதுவரை சொன்னவை ஆலையில் அச்சிட்ட வட்டுகளுக்கும் பொருந்தும். நம் அலமாரிகளில் இருப்பவையோ வேறு இனம். 1988இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் எழுதத்தக்க குறுந்தகட்டை உருவாக்கியது. 1990இல் ‘ஆரஞ்சு புக்’ வரையறை வந்தது. இதில் குழிகள் இல்லை. ஒரு கரிமச் சாயப்படலம் உண்டு. எழுதும் லேசரின் வெப்பம் அதில் மாறிய புள்ளிகளை உண்டாக்குகிறது. வாசிக்கும் லேசருக்கு அவை குழிகள்போல் தோன்றும். ஒப்பனைதான், ஆனால் மிகத் திறமையான ஒப்பனை.

இச்சாயம் 780 நானோமீட்டர் ஒளிக்கென அமைந்தது. 1990களின் பிற்பகுதியில் வந்த முதல் தலைமுறை டி.வி.டி. கருவிகள் பலவற்றில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் மட்டுமே இருந்தது. அவ்வொளிக்கு இச்சாயம் போதிய எதிரொளிப்புத் தரவில்லை. ஆலைத் தகடுகளை வாசித்த அதே கருவி, வீட்டில் எழுதிய குறுந்தகட்டின் முன் குருடாயிற்று. பின்னர் வந்த கருவிகளில் இரு லேசர்கள் வைக்கப்பட்டன. இதனால் ஒரு கண் பழுதாகி மறுகண் நலமாயிருக்கும் நிலையும் உண்டாயிற்று. ‘டி.வி.டி. எல்லாம் ஓடுகிறது, ஆகவே டிரைவ் நன்றாக உள்ளது. சிடிதான் கெட்டது’ என்னும் வாதம் பிழையாவது இங்கேதான். டி.வி.டி.யை வாசிக்கும் கண் வேறு, குறுந்தகட்டை வாசிக்கும் கண் வேறு.

1997இல் வந்த மீண்டும் எழுதத்தக்க தகட்டின் கதையும் இத்தகையதே. ஆலைத் தகடு, விழும் ஒளியில் 70 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. மீண்டும் எழுதத்தக்கதோ 15 முதல் 25 விழுக்காடுதான் தரும். அதற்கெனத் தகவமைக்கப்படாத பழைய கருவிகள் ‘வட்டே இல்லை’ என்றன. இன்றும் சோர்வுறத் தொடங்கிய வட்டியக்கி முதலில் கைவிடுவது இவ்வகையையே. பின்னர் ஒருமுறை எழுதியவற்றை. ஆலைத் தகடுகளை இறுதியில். இவ்வரிசையில் கைவிட்டுக்கொண்டே வந்தால் நோய் கருவிக்கே.

வேறொரு பொறியும் உண்டு. எழுதியவர் வட்டை ‘மூடாமல்’ விட்டிருக்கலாம். பிறிதொரு நாள் இன்னும் சில கோப்புகள் சேர்க்கலாம் என்னும் எண்ணத்தில் இறுதிப் பொருளடக்கம் எழுதப்படாமல் இருக்கும். எழுதிய கணினியில் திறந்த வட்டு, பிற கணினிகளில் வெற்று வட்டாகத் தோன்றும். ‘இதை எவ்வாறு பயன்படுத்த விரும்புகிறீர்கள்?’ என விண்டோஸ் வினவும். அவ்வினாவுக்கு ஒருபோதும் விடையளிக்காதீர்கள், அச்சாளரத்தை மூடிவிடுங்கள். வட்டின் அடிப்பக்கத்தைச் சாய்த்து ஒளியில் பாருங்கள். எழுதிய வளையமும் எழுதாத வளையமும் நிறத்தில் சற்றே வேறுபடும். அவ்வெல்லை தெரிந்தால் உள்ளே தரவு எழுதப்பட்டிருக்கிறது என்பது உறுதி.

இந்தியாவில் இத்தகடுகள் இவ்வளவு பரவியதற்கு மோசர் பேயர் நிறுவனம் முக்கியக் காரணம். 1983இல் தில்லியில் நேரப்பதிவுக் கருவிகள் செய்யத் தொடங்கிய அது, பின்னர் உலகின் பெரிய ஒளிவட்டுத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாயிற்று. சில ரூபாய்க்கு வெற்றுத் தகடு கிடைத்ததால்தான் மிகக் குறைந்த நிதியுள்ள துறைகளும் பதிவுகளைச் சேமிக்க இயன்றது. மலிவு ஒரு கொடை. ஆனால் அக்கொடையை நிலைப்பேறு என எண்ணினோம். அந்நிறுவனமே 2018இல் கலைப்பு ஆணைக்கு உள்ளாயிற்று.

வட்டு கெடவே கெடாது என நான் வாதிடவில்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பி.டி.ஓ. ஆலை 1988க்கும் 1993க்கும் இடையே அச்சிட்ட தகடுகளுள் பல, வெண்கல நிறமடைந்து அழிந்தன. காகித உறையிலிருந்த கந்தகம் வெள்ளிப்படலத்தைத் தின்றது. 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், பெலீஸ் நாட்டின் ஈரவெப்பத்தில் இருந்த தகடொன்றை கியோட்ரிகம் இனப் பூஞ்சை அரித்திருந்ததைக் கண்டறிந்தனர். ஈரமும் வெப்பமும் நமக்கும் உண்டு. வெயிலில் கிடந்த சாயம் மங்கும். வட்டு கெடும் என்பதால்தான், கெடாத வட்டைக் கெட்டதென ஒதுக்கிக் காலத்தை வீணாக்கலாகாது என்கிறேன்.

‘லென்ஸ் வீக்’

தில்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழுதுபார்ப்போர் சொல்லும் தீர்ப்பு இது. கண்ணாடியோ நெகிழியோ எவ்வாறு ‘வீக்’ ஆகும் எனப் படித்தோர் நகைப்பதுண்டு. ஆனால் அவ்வழக்கில் லென்ஸ் என்பது ஆகுபெயர். லேசரும் ஒளியுணரியும் சுருள்களும் சேர்ந்த முழுத் தொகுதியையும் அது குறிக்கிறது. லேசர் உமிழி முதுமையுறும்போது அதே ஒளியைத் தர மேலும் மின்னோட்டம் கேட்கும். கருவி தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டிக்கொடுத்து முதுமையை மறைக்கும். கூட்டிக்கொடுக்க இடமில்லாத நாளில் வீழ்ச்சி வெளிப்படும். ‘வீக்’ என்னும் சொல் இந்நிலைக்கு மிகப் பொருத்தமானது. நூலறிவு தராத துல்லியம் அதில் இருக்கிறது.

எனினும் ‘வீக்’ எனப்பட்டவற்றுள் பல வெறும் தூசியால் மங்கியவை. வேகப்போட்டி இதைப் பெருக்கியது. முதற் கணினி வட்டியக்கிகள் நொடிக்கு 150 கிலோபைட் வாசித்தன. இரு பத்தாண்டுகளுக்குள் அது 52 மடங்காயிற்று. வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முறை சுழன்றது. அதற்கு மேல் சென்றால் வட்டே வெடித்துச் சிதறும் ஆபத்து. அச்சுழற்சி ஒவ்வொன்றும் அறையின் தூசியைக் கருவிக்குள் இழுத்தது.

தூசி நீக்க விரும்புவோர் மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்த பின்னரே கருவியைத் திறக்க வேண்டும். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரையைச் சுடும். மென்பஞ்சு முனையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு துளி போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தாமல் மேலோட்டமாகத் தொட்டெடுக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கும் நீர்மத்தை அருகே கொண்டு செல்லலாகாது. நெகிழி லென்ஸ் அதில் மங்கிவிடும். தட்டு வெளிவராவிடில் முகப்பிலுள்ள சிறு துளையில் நிமிர்த்திய காகிதப்பிடியை நுழைத்தால் திறக்கும். தட்டை இழுக்கும் ரப்பர்ப் பட்டை இறுகித் தேய்வதே இதன் வழக்கமான காரணம்.

கருவி முந்தி இறந்த கதை

1086இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப்பதிவேடு இன்றும் வாசிக்கத்தக்கது. அதன் 900ஆம் ஆண்டையொட்டி பி.பி.சி. 1986இல் புதிய டூம்ஸ்டே திட்டத்தை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், தம் ஊரைப் பற்றி எழுதினர். அனைத்தும் இரு லேசர்வட்டுகளில் பதியப்பட்டன. அவற்றை வாசிக்க பிலிப்ஸ் தயாரித்த தனிக்கருவியும் பி.பி.சி. மாஸ்டர் கணினியும் தேவை. பதினாறே ஆண்டுகளில், 2002ஐ ஒட்டி, இயங்கும் கருவிகள் அருகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கேமிலியன் திட்டம் அக்கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கித் தரவை மீட்டுக் காட்டியது.

வட்டுகள் அழியவில்லை, வாசிப்பவர்தாம் இல்லாமற்போனார். அந்நிலையை நாமும் நெருங்கிக்கொண்டிருக்கிறோம். சோனி தன் வட்டியக்கித் தொழிலை 2013இல் மூடியது. எழுதத்தக்க புளூரே வட்டுத் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. நல்ல வட்டியக்கி கடையில் கிடைக்கும் ஆண்டுகள் எண்ணத்தக்கவை.

செய்யவேண்டிய வரிசை

முதலாவது, ஐயத்துக்குரிய வட்டை மீண்டும் மீண்டும் உள்ளிடுவதை நிறுத்துங்கள். நன்கு இயங்குவதாகத் தெரிந்த ஆலைக் குறுந்தகடு ஒன்றையும், ஆலை டி.வி.டி. ஒன்றையும், எழுதிய தகடு ஒன்றையும் சான்றுவட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மறுத்தால் கருவி, இணைப்பு, மென்பொருள் என்னும் பக்கம் பாருங்கள். ஒரு வகை மட்டும் மறுத்தால் அவ்வகைக்குரிய லேசரை ஐயுறுங்கள். மூன்றும் திறந்து, இவ்வொன்று மட்டும் மறுத்தால் வட்டைத் துடைத்து, வேறொரு தயாரிப்பாளரின் வட்டியக்கியில் முயலுங்கள். ஒரு கருவி கைவிட்டதை மற்றொன்று வாசிப்பது வியப்பன்று. ஒவ்வொன்றின் பொறுமையும் வேறு.

திறந்துவிட்டால் கோப்புகளைச் சொடுக்கிப் பார்த்து மகிழாதீர்கள். அது கடைசி வாசிப்பாகவும் இருக்கலாம். வேகத்தைக் குறைத்து, வட்டு முழுவதையும் ஒரே படிமமாக நகலெடுங்கள். குனு டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் முதலில் எளிய பகுதிகளை எடுத்துக்கொண்டு, கடினமானவற்றைக் குறித்துவைத்துப் பின்னர் முயலும். அக்குறிப்பைக்கொண்டே இன்னொரு வட்டியக்கியில் தொடரலாம். ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பும்.

இறுதியாக, பதிவேட்டில் ‘பழுது’ என எழுதாதீர்கள். ‘இந்த நாளில், இந்த வட்டியக்கி, இந்தக் கணினியில், இவ்வட்டை வாசிக்கவில்லை’ என எழுதுங்கள். எழுவாயும் செயப்படுபொருளும் தெளிவாயிருந்தால், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிவார்.

1913க்கும் 1929க்கும் இடையே, கிரியர்சனின் இந்திய மொழியளவையை ஒட்டி, இந்நாட்டு மொழிகள் பலவும் இசைத்தட்டுகளில் பதியப்பட்டன. நூற்றாண்டு கடந்தும் அக்குரல்களை நாம் கேட்கிறோம். ஊசியும் சுழல்மேடையும் இருந்தால் அவை பேசும். அந்தமானின் போ மொழியை அறிந்த இறுதி மனிதரான போவா மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அவர் குரலை அன்விதா அப்பி முன்னதாகவே பதிந்திருந்ததால் அது நம்மிடம் எஞ்சியிருக்கிறது. பேசுவோர் அருகிய பிற மொழிகளின் பாட்டும் கதையும் வசையும் எந்தத் துறையின் எந்த உறையில் கிடக்கின்றன என்பதற்கு முழுமையான பட்டியல் இல்லை. பேசியவர் மறைந்த பின் மீண்டும் களத்துக்குச் சென்று பதிய இயலாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் துறையிலோ நூலகத்திலோ ‘வாசிக்கவில்லை’ எனக் கட்டிவைத்த தகடுகள் இருந்தால் அவற்றைக் கழிக்க ஒப்புதல் தராதீர்கள். சான்றுவட்டுகளோடும் இரு வேறு வட்டியக்கிகளோடும் ஒரு பிற்பகலை அவற்றுக்கு ஒதுக்குங்கள். வேறெங்கும் நகல் இல்லாத களப்பதிவுகளை முதலில் எடுங்கள். திரைப்படங்களும் மென்பொருள்களும் காத்திருக்கட்டும். இயங்கும் பழைய வட்டியக்கி உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் அருகிலுள்ள மொழித்துறையினரிடம் ஒருமுறை கேளுங்கள்.